ரெண்டாவது சனல்

இருங்கோ சம்மாட்டியார், இருங்கோ. துண்டுதானே, எழுதித் தாறன். மாட்டனெண்டு நான் சொல்லேல்லையே. பில் புத்தகம் இந்த வயருகளுக்குக் கீழ எங்கயோ கிடக்கு, தேடி எடுக்கோணும். உந்தக் கதிரையில இருக்காதேங்கோ, அதுக்கு ஒரு கால் சரியில்லை. வாங்கில இருங்கோ. வயர்லெஸ் செட்டை இப்பிடி மேசையில வையுங்கோ. சாரத்தால சுத்திக் கொண்டுவந்திருக்கிறீங்கள், குளிப்பாட்டின பிள்ளையைக் கொண்டுவாற மாதிரி.

மணி என்ன? உங்கட போனில பாருங்கோ, என்ர போன் இஞ்ச இல்லை. ரெண்டே முக்காலோ. சரி, சரி. நேரம் கிடக்கு.

நீங்கள் சொல்லுறது எனக்கு வடிவா விளங்குது. நாளைக்கு உங்களை விசாரிக்க வருவினம். உங்கட போட் செவ்வாய்க்கிழமை விடிய மூண்டு பேரோட போனது. ஓட்டினது கோணேஸ்வரன். கூடப் போனது மூதூர்ப் பெடியன் றிஸ்கானும் எங்கட நிருபனும். இண்டைக்கு வெள்ளி, இன்னும் வரேல்ல. போட்டில ஒரு செட் கிடக்கு, கரையில உங்கட வீட்டில ஒரு செட் கிடக்கு, பிறகேன் அவங்கள் ஆபத்தெண்டு கூப்பிடேல்ல எண்டு கேப்பினம். நீங்கள் என்ன சொல்லப் போறீங்களெண்டா, கரைச் செட் பழுது, போன சனிக்கிழமையே பக்கத்து வீட்டு ரேடியோ யோகராசாவிட்டத் திருத்தக் குடுத்தாச்சு, அவங்கள் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிராது எண்டு. அதுக்கு நான் சனிக்கிழமைத் திகதி போட்டு ஒரு துண்டு எழுதித் தரோணும். அவ்வளவுதானே? ஓம், சின்ன வேலைதான்.

தேத்தண்ணி ஊத்தட்டே? மாட்டனெண்டு சொல்லாதேங்கோ. கேத்தில் இப்பதான் கொதிச்சது. பால் இல்லை, பிளேன்ரீதான். சீனியைக் கையில வைச்சுக் கடியுங்கோ. மதிலுக்கு அங்கால இருந்தும் எத்தினை வருசமா நீங்கள் இந்தக் கடைக்குள்ள காலடி வைக்கேல்ல. இண்டைக்குத்தான் வந்திருக்கிறீங்கள், சும்மா அனுப்பேலுமே.

அய்யோ, காலை எடுங்கோ! வலக்காலை. அந்த அலுமினியப் பெட்டியில மிதிச்சிடாதேங்கோ. இல்லை இல்லை, கரண்ட் அடிக்காது, பயப்பிடாதேங்கோ. அது கால் சுவிச். அந்தா, மூலையில பலகைப் பெட்டி மாதிரி நிக்குதே, அந்தக் கிற்றார் அம்ப்ளிபயரோட பூட்டினது. நிருபன்ர. ஓம், அவனுக்குத்தான் செய்தனான். நாளைக்கு நிலாவெளியில ஒரு கலியாண வீட்டில அவன்ர குறூப் வாசிக்க வேணும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து தூக்குவன் அண்ணை எண்டு சொன்னவன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்திட்டுது.

என்ன? ஓமோம், வந்திடுவாங்கள். நானும் அதைத்தான் சொல்லுறன். தண்ணிக் கானைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நாலு நாள் கிடந்து வந்தவங்களும் இந்த ஊரில இருக்கிறாங்கள்தானே. எங்க தேடுறதெண்டு தெரிஞ்சாச் சரி.

பில் புத்தகம்... இதில்லை, இது கரண்ட் பில். பொறுங்கோ.

ஆனித் திருவிழாவுக்குப் பிறகு ஒருநாள் வந்தான். கிற்றாரை உரப்பையில போட்டு முதுகில கட்டிக்கொண்டு. அண்ணை, எனக்கு ரெண்டு சனல் அம்ப் ஒண்டு செய்து தாங்கோ எண்டான். நான் ரீவி, ரேடியோ, காத்தாடி திருத்துறவன், எனக்கென்னத்துக்கடா உந்த வேலை எண்டு கலைச்சனான். அவன் விடேல்ல. கடலால வந்து குளிச்ச கையோட இந்த வாங்கில வந்து குந்துவான். விரல் முழுக்க வலை கிழிச்ச தழும்பு. அதால கிற்றார்க் கம்பி தனக்கு நோகாதாம், அது தனக்கு லாபமாம். அப்பிடி ஒரு விசர்ப் பெடியன்.

ரெண்டு சனல் எண்டா என்னெண்டு கேக்கிறீங்களே? கேக்கேல்லையோ? பரவாயில்லை, சொல்லுறன், நேரம் போகும்தானே. ஒரு சனலில கிற்றார்ச் சத்தம் உள்ளபடி வரும், கழுவித் துடைச்ச மாதிரி. அதுக்குப் பச்சை லைற். மற்றதில சத்தத்தைப் பத்து மடங்கு, நூறு மடங்கு ஊதிப் பெருப்பிச்சு, உடைச்சு, கரகரவெண்டு விடுறது. அதுக்குச் சிவப்பு லைற். பாட்டுக்காரன் பாடேக்க பச்சை. கிற்றார் தனிய அழ வேண்டிய இடத்தில சிவப்பு. கை ரெண்டும் கிற்றாரில, அதால காலால மாத்த வேணும். ஒருக்கா மிதிச்சாச் சிவப்பு, திரும்ப மிதிச்சாப் பச்சை. அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிற ஐசி, கடைசியா எது மிதிச்சது எண்டு ஞாபகம் வைச்சிருக்கும். நகத்தளவுதான், ஆனா மறக்காது.

கேக்க லேசாத்தான் இருக்கும். எனக்கு மூண்டு மாசம் பிடிச்சது. ரிலேதான் மாத்துறது. உள்ளுக்க ஒரு சின்ன நாக்கு, இந்தப் பக்கம் ஒட்டும், அந்தப் பக்கம் ஒட்டும். ஆனா நாக்கு மாறேக்க ஸ்பீக்கரில டொக் எண்டு ஒரு சத்தம். கலியாண வீட்டில அப்பிடிக் கேட்டா சனம் திரும்பிப் பாக்கும். ஏன் வருதெண்டா, சும்மா நிக்கிற சனலில கொஞ்சம் கரண்ட் தேங்கி நிக்கும். ரிலே திறந்த உடன ஒரே பாய்ச்சலா வரும். அதை நெடுகிலும் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுக்கு விடுறதுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டன். பாதி குறைஞ்சுது. பிறகு, மாத்துற நேரத்தில ஒரு கண் வெட்டுற அளவுக்கு ரெண்டு சனலையும் வாய் மூட வைக்கிற மாதிரி ஒரு துண்டுச் சேக்கிட் சேர்த்தன். இன்னும் குறைஞ்சுது. ஆனா முழுசாப் போகேல்ல. அந்த டொக் என்னை நித்திரை கொள்ள விடேல்ல சம்மாட்டியார்.

பெட்டி அவன்ர. ஓம், அந்த அலுமினியப் பெட்டி. பிளாஸ்ரிக் பெட்டி எண்டா மிதிக்க மிதிக்க வெடிச்சிடும், நல்ல பலமான ஒண்டு கொண்டுவாடா எண்டன். அடுத்த நாள் தன்ர சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து வைச்சான். கடலுக்குச் சோறு கட்டிக்கொண்டு போறது. அப்ப நீ சோத்துக்கு என்னடா செய்வாய் எண்டு கேட்டன். சொப்பிங் பேக்கில கொண்டுபோறன் அண்ணை, பசி பசிதானே எண்டு சிரிச்சான். கழுவித்தான் தந்தவன், ஆனா ஓட்டை போடேக்க ட்ரில் சூட்டுக்கு மீன் குழம்பு வாசம் வந்தது. எனக்கு அப்ப சிரிப்பு. இப்ப இல்லை.

குடியுங்கோ, ஆறுது. ஏன் கதவைச் சாத்துறீங்கள்? ஒழுங்கையில ஆரும் இல்லை. திறந்து விடுங்கோ, புழுக்கமாக் கிடக்கு. வாடைக் காத்தெண்டு பேர்தான், வீட்டுக்குள்ள ஒண்டும் வரேல்ல. கடலுக்குள்ளதான் எல்லாம் அடிக்குது. செவ்வாய்க்கிழமை காலமையும் அப்பிடித்தானே, ஒன்பது மட்டும் குளம் மாதிரிக் கிடந்தது, பத்து மணிக்கு ஒரே முட்டாக் கறுத்துக்கொண்டு வந்தது. நான் வாசலில காயப் போட்ட சேட்டை எடுக்க ஓடினனான்.

ஆ, பில் புத்தகம் இந்தா கிடக்கு. இனிப் பேனை. அதுவும் இஞ்சதான் எங்கயோ.

இந்தச் செட்டை முதல்ல ஒருக்காப் பாப்பம். பழுதெண்டு எழுதப் போறதெண்டா என்ன பழுதெண்டு எழுதோணும்தானே. நாளைக்கு ஆரும் விசயம் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தா? ஸ்க்ரூ ஒண்டும் கழட்டின அடையாளம் இல்லை. உள்ளுக்க சிலந்தி வலை கூட இல்லை, நல்லா வைச்சிருக்கிறீங்கள். மேசையில கரண்ட் குடுத்துப் பாப்பமே... இந்தா, லைற் பத்துது. அமத்திக் கதைக்கிறதும் வேலை செய்யுது. நல்ல செட். இதை எப்பிடிப் பழுதாக்கிறது? ஒரு வயரைக் கழட்டி விடட்டே? நீங்கள் சொன்னாச் செய்யிறன். புதன்கிழமை விடிய நீங்கள் கூரையில ஏறி அன்ரனாத் தடியை இறக்கினதை நான் கண்டனான். மதிலுக்கு மேலால தெரிஞ்சுது. மழைக்குள்ள ஏன் மனுசன் ஏறுறாரெண்டு நினைச்சன்.

கோபிக்காதேங்கோ. நான் ஒண்டும் கேக்கேல்ல. எனக்குச் செட் எண்டு சொன்னாலே ஆகாது, அது உங்களுக்குத் தெரியும். சண்டை நேரம் ஒரு வோக்கி செட்டைத் திருத்தித் தந்தனெண்டு சொல்லி என்னைக் கொண்டுபோனவங்கள். அது விளையாட்டுச் சாமான், ஒரு சின்னப் பிள்ளையின்ர. ரெண்டு பற்றரி போட்டா முத்தத்துக்கு மட்டும்தான் கேக்கும். அதை விளங்கப்படுத்தப் பதினாலு மாசம் பிடிச்சது. அதுக்குப் பிறகு நான் செட் ஒண்டையும் தொடுறதில்லை. கேட்டதையும் கேட்டனெண்டு சொல்லுறதில்லை. காது திறந்து கிடந்தாலும் வாயைப் பூட்டி வைச்சிருந்த ஆள் நான்.

மணி என்ன இப்ப? மூண்டு பத்தோ.

கை, கை! அந்தக் கறுப்பு உருளையில கை வைக்காதேங்கோ. அது கப்பாசிற்றர். பிளக்கைக் கழட்டிப்போட்டாலும் அதுக்குள்ள கரண்ட் நிக்கும். ஒரு நாள் கழிச்சுத் தொட்டாலும் ஆளைத் தூக்கி எறியும். எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சுக் கை வைக்கிறவனுக்குத்தான் அடிக்கிறது. அந்த ஸ்க்ரூட்ரைவரையும் மேசையில வையுங்கோ. நன்றி.

என்ன சொல்லிக்கொண்டு வந்தனான்? ஓம், சத்தம். டொக் ஒரு பிரச்சினை. அதை விடப் பெரிய பிரச்சினை ஒண்டு வந்தது. சிவப்புச் சனலில ஆள் கதைக்கிற சத்தம். உண்மையா. கிற்றாரே பூட்டேல்ல, சும்மா வயர் மட்டும் கிடக்கு, திடீரெண்டு ஸ்பீக்கருக்குள்ள ஒரு மனுசன் ஐஸ் எத்தினை பெட்டி எண்டு கேக்கிறார். பேயெண்டுதான் நினைச்சன். பிறகு குரலை அடையாளம் கண்டன். உங்கட குரல்.

ஓம், உங்கடதான். கிட்ட இருந்து செட்டை அமத்திக் கதைக்கேக்க, உங்கட கூரை அன்ரனாவில இருந்து வாறதை இந்தச் சிவப்புச் சனல் பிடிக்குது. சத்தத்தை அந்தளவுக்கு ஊதிப் பெருப்பிக்கிறபடியா, காத்தில கிடக்கிறதெல்லாம் உள்ளுக்க வரும். கிற்றார் வயர் நுழையிற வாசலில ஒரு சின்னக் கப்பாசிற்றர் போட்டா நிண்டிடும். அந்த அளவு என்னட்ட இல்லை, கொழும்புக்குச் சொல்லி விட்டிருந்தன். கடலில இருந்து அவங்கள் கதைக்கிறது கேக்காது, அது தூரம், எட்டாது. நீங்கள் கதைக்கிறது மட்டும்தான். ஒரு பக்கக் கதை. அதை வைச்சு மற்றப் பக்கம் என்ன சொல்லியிருக்குமெண்டு நாங்களா நினைச்சுக்கொள்ள வேண்டியதுதான்.

ரெண்டு கிழமையா உங்களைக் கேட்டுக்கொண்டுதான் வேலை செய்தனான். ஒளிச்சுக் கேட்டனெண்டு நினைக்காதேங்கோ, தானா வந்தது. ஐஸ், டீசல், என்ன மீன், எத்தினை மணிக்கு வாறியள். ஒருநாள் இரத்தினேஸ்வரி அக்கா சோத்துக்குக் கூப்பிட்டது கூடக் கேட்டது, சொதி ஆறுது எண்டு. எனக்குப் பசி வந்திட்டுது. நிருபனுக்குச் சொன்னன், டேய், உன்ர அம்புக்குள்ள உன்ர முதலாளி இருக்கிறாரடா எண்டு. அவன் வயிறு பிடிச்சுச் சிரிச்சான். கலியாண வீட்டில சம்மாட்டியார் வந்து மீன் விலை சொன்னா என்ன செய்யிற அண்ணை எண்டான்.

இப்ப பாருங்கோ, சிவப்பு லைற் பத்தித்தான் கிடக்கு. காலமையில இருந்து போட்டு வைச்சிருக்கிறன். மூச்சு விடுற மாதிரி இரைச்சல் மட்டும்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அதுக்குள்ள ஒரு குரலும் வரேல்ல.

இருங்கோ சம்மாட்டியார். ஏன் எழும்புறீங்கள்? துண்டு வேண்டாமோ?

கேக்குதே? ஹெலி. தேடுறதுக்குச் சீனன்குடாவில இருந்து கிளம்புது. மூண்டு நாளா இது எங்கட கூரைக்கு மேலாலதான் போனது. வடக்க, குச்சவெளிக்கு. அங்கதானே போட் போனதெண்டு நீங்கள் சொன்னது. ஒவ்வொரு தரமும் இந்த அலுமாரிக் கண்ணாடி அதிரும். இண்டைக்கு அதிரேல்ல பாருங்கோ. சத்தம் வேற பக்கத்தாலயெல்லோ போகுது. கொட்டியாரக் குடாவுக்கு மேலால, தெக்க.

நான் சொல்லுறதைக் கேட்டிட்டுப் போங்கோ. செவ்வாய்க்கிழமை பதினொண்டு பத்து. மழை பிடிச்சிட்டுது. நான் இந்த வாங்கில இருந்து, கால் அந்தப் பெட்டிக்கு மேல. டொக் எவ்வளவு குறைஞ்சுதெண்டு பிறகு வடிவாக் கேட்டுப் பாக்கிறதுக்காக, போனை ஸ்பீக்கருக்கு முன்னால வைச்சு றெக்கோட் போட்டனான். சிவப்பை மிதிச்சன். அடுத்த கணம் நீங்கள் வந்தீங்கள். கோணேஸ், கோணேஸ், கேக்குதே. தண்ணி ஏறுதெண்டா இறைச்சுக்கொண்டு நில்லுங்கோ. வெருகல் முகத்துவாரத்துக்கு நேர நிக்கிறியள், நேவிக்கு எப்பிடியடா சொல்லுறது. முதல்ல வலையை வெட்டித் தாழ விடு. வலை போனாப் பிறகுதான் நான் ஆருக்கும் சொல்லுவன்.

உங்கட சொல்லுத்தான். நான் ஒண்டும் கூட்டேல்ல.

உங்கட பயம் எனக்கு விளங்காமலில்லை. தடை செய்த தங்கூசி வலை. போன வருசம் இதே வலைக்காக நேவிக்காரர் உங்கட மற்றப் போட்டை எஞ்சினோட கொண்டுபோனவை, இன்னும் தரேல்ல. மழையில நிண்டு துருப்பிடிக்குது. இதுவும் போனா உங்கட வீட்டில அடுப்பு எரியாது. தண்ணி கொஞ்சமாத்தான் ஏறுதெண்டு நினைச்சிருப்பீங்கள். வலையை வெட்டினா போட்டும் லேசாகும், வழக்கும் இல்லை எண்டு நினைச்சிருப்பீங்கள். பிறகு செட்டில பதில் வரேல்ல. பிறகு சொன்னா, எத்தினை மணிக்கு அவங்கள் கூப்பிட்டவங்கள் எண்டு கேப்பினம். வெருகலெண்டு சொன்னா அது எப்பிடித் தெரியுமெண்டும் கேப்பினம், அதுக்குத்தான் குச்சவெளி எண்டிருப்பீங்கள். பிறகு இன்னும் சொல்லேலாது. ஒவ்வொரு மணித்தியாலமும் சொல்லுறது கஷ்டமாகிக்கொண்டே போயிருக்கும். எனக்குத் தெரியும். எனக்கு அது நல்லாத் தெரியும் சம்மாட்டியார்.

அழாதேங்கோ. அழுறதெண்டாலும் இருந்து அழுங்கோ.

இண்டைக்கு மத்தியானம் லோஜினி வந்தவ. நிருபன்ர பெண்சாதி. உங்கட வீட்டு வாசலில மூண்டு நாளாக் குந்திக்கொண்டிருந்தவ, இஞ்ச வந்தா. அண்ணை, அவற்ற சாப்பாட்டுப் பெட்டி உங்களிட்டக் கிடக்காம், தருவீங்களே, வீட்டில அவர் தொட்ட பாத்திரம் வேற ஒண்டும் இல்லை எண்டு கேட்டா. பெட்டியைக் காட்டினன். ஓட்டை போட்டு, சுவிச் பூட்டி, வயர் இழுத்துக் கிடக்கு. அவ நிலத்தில இருந்து அதைத் தடவிப் பாத்தா. இதில எப்பிடி அண்ணை சோறு கட்டுறது எண்டா.

அதுக்குப் பிறகும் வாயைப் பூட்டி வைச்சிருக்க என்னால ஏலாமல் போச்சு. போனை எடுத்துப் போட்டுக் காட்டினன்.

போன் அவவிட்டத்தான். ஒரு மணிக்கு ஓட்டோவில ஏத்தி நேவி டொக்யாட் கேற்றுக்கு அனுப்பினன். ஆரைக் கண்டாலும் முதல்ல வெருகல் எண்ட சொல்லைச் சொல்லு, பிறகு மற்றதைச் சொல்லு எண்டன். அவ போய்ச் சேர்ந்தாவோ, உள்ளுக்க விட்டவையோ, நம்பினவையோ எண்டு தெரியாமல்தான் உங்களோட இவ்வளவு நேரம் கதைச்சுக்கொண்டு இருந்தனான். நீங்கள் வெளிய போய் அங்க இங்க போன் எடுத்து வேற கதை சொல்லிப்போடுவீங்களோ எண்ட பயம். இப்ப ஹெலி தெக்க, வெருகல் பக்கம் போயிட்டுது. இனி நீங்கள் போகலாம், கதவு திறந்துதான் கிடக்கு.

ஆனா நான் உங்களுக்கு ஒரு பொய் சொன்னனான். சொன்னனான் எண்டில்லை, சொல்லாமல் விட்டனான். இண்டைக்கு மத்தியானம் றெக்கோட்டைக் கேட்டுத்தான் விசயம் விளங்கினதெண்டு லோஜினிக்குச் சொன்னன். அது பொய். செவ்வாய்க்கிழமையே விளங்கினது. தண்ணி ஏறுதெண்டு நீங்கள் சொல்லேக்கையே விளங்கினது. கோணேஸ் எண்டா எந்தப் போட், அதில ஆர் போறதெண்டு எனக்குத் தெரியும். மதிலால எட்டி, சம்மாட்டியார், நேவிக்கு நான் சொல்லட்டே எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு நான் மூண்டு நாள் எடுத்தன். எதால கேட்டனீ, ஆர் உனக்கு இதைச் செய்யச் சொன்னது, எத்தினை நாளாக் கேக்கிறாய் எண்டு திரும்பவும் அந்த விசாரணை அறையில இருந்து பதில் சொல்லேலாதெண்டு நினைச்சன். முதலாளி கதைக்கிறார்தானே, அவர் பாத்துக்கொள்ளுவார் எண்டும் நினைச்சன்.

அதுக்குப் பிறகு நீங்கள் செட்டில என்ன சொன்னீங்களெண்டு எனக்குத் தெரியாது. நல்லதாக் கூடச் சொல்லியிருப்பீங்கள். வலை கிடக்கட்டும், நான் இப்பவே சொல்லுறன், ஆளைப் பாருங்கோ எண்டு சொல்லியிருப்பீங்கள். அதை நீங்கள்தான் சொல்லோணும், றெக்கோட்டில இல்லை. றெக்கோட்டில உங்கட குரல் பதினொரு செக்கன்தான் கிடக்கு. பிறகு டொக் எண்டு ஒரு சத்தம், அதுக்குப் பிறகு ஒண்டும் இல்லை, சுத்தமா இருக்கு. லோஜினி அந்த இடத்தை மூண்டு தரம் திருப்பிப் போட்டுக் கேட்டவ. அண்ணை, இது என்ன சத்தம், போட் உடைஞ்ச சத்தமோ எண்டு கேட்டா.

இல்லைப் பிள்ளை எண்டன். அது சேக்கிட்டில ஒரு பிழை எண்டன்.

அது என்ர கால் சம்மாட்டியார். நான்தான் பச்சையை மிதிச்சன்.

பேனை இந்தா. துண்டு எழுதிட்டன், நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்கையே எழுதினனான். வாசிக்கிறன். செவ்வாய்க்கிழமை காலமை பதினொண்டு பத்துக்குக் கரைச் செட் நல்லா வேலை செய்தது. அதில கதைச்சவர் ஒருவர், அதைக் கேட்டு அமத்தினவர் ஒருவர். கீழ ரெண்டு கோடு போட்டிருக்கிறன். ரெண்டாவதில என்ர கையெழுத்து வைச்சிட்டன். மேல உள்ளது உங்களுக்கு. பேனையைக் கொஞ்சம் உதறிப்போட்டு எழுதுங்கோ, மை பிடிச்சுப் பிடிச்சுத்தான் வரும்.